புறம்போக்கு: நகர இயற்கை பற்றிய நோக்கிற் கலையும் விஞ்ஞானமும்

நிலத்தைக் குறிக்கும் சொல் ஒன்று மனிதரை ஏசும் சொல்லாக இழிந்துபோவது மொழி வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதன்று. தமிழில் 'புறம்போக்கு' என்னும் சொல்லுக்கு இக்கதி நேர்ந்தது. தமிழ்நாட்டு நிலவரிப் பதிவேடுகளில் இது வரி விதிப்புக்கு உட்படாத, தனியார் உடைமையாகாத, பொதுத் தேவைக்கென விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும். ஏரி, குளம், ஆற்றுப்படுகை, மேய்ச்சற்றரை, சுடுகாடு, வண்டிப்பாதை யாவும் இவ்வகையின. சென்னை நகரத் தெருக்களிலோ எதற்கும் உதவாதவன் எனக் கருதப்படும் ஒருவனை நோக்கி எறியப்படும் வசை அது. வரி தராத நிலம் பயனற்ற நிலம் என்ற இறை அதிகாரியின் மதிப்பீடும், உழைத்துப் பொருள் சேர்க்காதவன் பயனற்றவன் என்ற சந்தைச் சமூகத்தின் மதிப்பீடும் ஒரே சொல்லிற் சந்தித்துக் கொண்டன. ஈழத்தில் 'தரவை' என்ற சொல் இத்தகைய வசையாக மாறவில்லை. எனினும் தரவை என்றதும் வெறுமை என்ற எண்ணமே பலருக்குத் தோன்றுகின்றது என்பதையும் மறுத்தற்கில்லை.

நகரத்து இயற்கையைப் பாதுகாத்தல் பற்றிய விவாதங்களில் மரங்களும் பறவைகளும் இடம்பெறுமளவுக்குச் சொற்கள் இடம்பெறுவதில்லை. ஆனால் ஒரு நிலம் எவ்வாறு அழைக்கப்படுகின்றது என்பதே அந்நிலத்துக்கு என்ன நேரும் என்பதைப் பல வேளைகளில் முன்கூட்டித் தீர்மானித்துவிடுகின்றது. விஞ்ஞானம் அளக்கலாம், எண்ணலாம், எச்சரிக்கலாம். இழிந்த சொல்லை மீட்டெடுத்து அதற்கு மதிப்பேற்றும் ஆற்றல் கலைக்கே பெரிதும் உண்டு. இவ்விரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்குகின்றன, எங்கே ஒன்றையொன்று கைவிடுகின்றன என்பதை ஆராய்வதற்குச் சென்னையின் வடபுறத்திலுள்ள எண்ணூர்க் கழியும், அதனைப் பற்றி எழுந்த ஒரு பாடலும் தக்க சான்றுகளாகும்.

2017 ஆம் ஆண்டு ஜனவரியில், தைப்பொங்கலை ஒட்டி, 'சென்னை புறம்போக்குப் பாடல்' என்ற பெயரில் ஒரு காணொளி இணையவழி வெளியாயிற்று. வரிகளை எழுதியவர் கபேர் வாசுகி. பாடியவர் கர்நாடக இசைக் கலைஞர் ரி. எம். கிருஷ்ணா, இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். ஆனந்தபைரவி, பேகடா, ஹமீர்கல்யாணி, தேவகாந்தாரி, சாலகபைரவி, சிந்துபைரவி என இராகங்கள் அடுத்தடுத்து வரும் இராகமாலிகையாக அது அமைந்தது. மொழியோ சென்னையின் தெருமொழி. புகைபோக்கிகளும் சாம்பல் படிந்த வெளியும் பின்னணியாக நிற்க, பாடகர் சபா மேடையில் அமர்ந்திருப்பவர் போன்ற நிதானத்துடன் பாடுகிறார்.

எண்ணூர்க் கழி யாது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரப் பகுதி அது. சென்னையின் பெயரோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படும் அடையாறு, கூவம் என்னும் இரண்டினும் பெரிய நீரேந்து பரப்பையுடையது கொசஸ்தலை. நகர மக்களுட் பலருக்கு அதன் பெயர்கூடப் பழக்கமில்லை. கழியைச் சுற்றி உப்பளங்களும் கண்டற் காடுகளும் சேற்றுத் திட்டுகளும் உள்ளன. பெருமழையின்போது உள்நாட்டிலிருந்து பாய்ந்து வரும் வெள்ளம் இப்பரப்பில் விரிந்து, வேகம் தணிந்து, பின் கடலை அடைகின்றது. கடல் பொங்கும்போது மறுதிசையில் இதே தொழிலை அது புரிகின்றது. ஆகவே இது வெறும் வெளி அன்று. நகரத்தின் உடலில் ஓர் உறுப்பு. இவ்வுறுப்பின்மீது கடந்த சில தசாப்தங்களில் அனல் மின் நிலையங்களும் துறைமுகமும் எழுந்தன. மின் நிலையத்துச் சாம்பற் குழம்பு குழாய்களிலிருந்து கசிந்து கழியிற் படிந்தது. நீரின் ஆழம் குறைந்தது. இதனை முதலில் அறிந்தவர்கள் ஆய்வுகூடத்தவர் அல்லர். நாள்தோறும் தோணி தள்ளும் மீனவர்களும், சேற்றிற் கைவிட்டு இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுமே.

இங்கு வரைபடம் பற்றிய ஒரு செய்தி மனங்கொளத்தக்கது. 1996 இல் மத்திய அரசு அங்கீகரித்த கரையோர வலய வரைபடம் கழியையும் அதனைச் சூழ்ந்த நீர்ப்பரப்பையும் கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பகுதியாகக் காட்டியது. பின்னர் அதிகாரிகள் வழங்கிய வேறொரு வரைபடத்தில் அக்கழியே காணப்படவில்லை என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி பெற்ற ஆவணங்களைக் கொண்டு செயற்பாட்டாளர்கள் வெளிப்படுத்தினர். ஓர் ஆறு கடலைச் சேரும் இடம் தாளில் மறைந்துவிட்டது. வரைபடம் விஞ்ஞானக் கருவி என்றே அனைவரும் கொள்வர். ஆயினும் அதுவும் வரையப்படுவதே. எதைக் காட்டுவது, எதை விடுவது என்று ஒரு கை தீர்மானிக்கின்றது. பொய்யுரைக்கும் ஓவியத்தைவிடப் பொய்யுரைக்கும் வரைபடம் கொடியது. ஏனெனில் ஓவியத்தை ஐயுறுவதற்குப் பார்வையாளன் பயின்றிருக்கிறான்; வரைபடத்தை ஐயுறுவதற்கு அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

பாடலின் கலைத்தன்மைக்கு வருவோம். உருவமா உள்ளடக்கமா என்ற பழைய வழக்கு இப்பாடல் விடயத்திற் புதிய வடிவில் எழுகின்றது. இதன் உள்ளடக்கத்தைச் சுருக்கிக் கூறின் ஒரு நீரியல் விரிவுரையாகிவிடும்: நீர் தங்கும் நிலத்தின்மேற் கட்டடம் எழுந்தால் நீர் வீட்டுக்குள் வரும். 2015 டிசெம்பரிற் சென்னை கண்ட பெருவெள்ளத்தின் பின்னர் இவ்வுண்மையை நாளேடுகள் பலவாறு எழுதின. நிபுணர் குழுக்கள் கூறின. கேட்டவர் தலையசைத்தனர், ஓராண்டுக்குள் மறந்தனர். அதே உண்மை பேகடாவிலும் தேவகாந்தாரியிலும் தெருமொழியில் ஒலித்தபோது, சபாக்களில் அமரும் வர்க்கத்தினர் நிமிர்ந்தனர். சிலர் மகிழ்ந்தனர், சிலர் சினந்தனர். 'புறம்போக்கு' என்ற சொல் ஆனந்தபைரவியின் சாயலோடு காதில் விழும்போது உண்டாகும் அந்த முரண்தான் பாடலின் உயிர்நாடி. தெய்வத்தின் பெயரை நீட்டி இசைப்பதற்குப் பழகிய ஒரு மரபு, வசைச்சொல்லை அதே பக்தியுடன் நீட்டி இசைக்கின்றது. சொல்லின் இழிவு அந்த இசைப்பிற் சிறிது சிறிதாகக் கழுவப்படுகின்றது. விஞ்ஞானக் கட்டுரை எதுவும் இதனைச் செய்ய இயலாது. அதற்கு நீட்டவும் குழைக்கவும் குரல் இல்லை.

ஆயினும் ஒரு கேள்வி எழத்தான் செய்கின்றது. வடசென்னைக்கு அதற்கே உரிய இசை உண்டு, அது கானா. சாவு வீட்டிலும் தெருமுனையிலும் பிறந்த அவ்விசையின் வழியாக எண்ணூரைப் பாடாமல், மயிலாப்பூரின் இசையால் ஏன் பாட வேண்டும்? எழுதியவர், பாடியவர், இயக்கியவர் எவரும் அக்கழியில் வலை வீசி வாழ்பவர் அல்லர். இக்குறையை மறைப்பது திறனாய்வாகாது. ஆனாற் பாடல் யாரை நோக்கியது என்பதைக் கொண்டே இதனை எடைபோடல் வேண்டும். கழியின் அழிவை மீனவர்க்கு எடுத்துரைக்க வேண்டிய தேவை எவர்க்கும் இல்லை. அவ்வழிவின் விளைவாகிய மின்சாரத்தைத் தென்சென்னையின் குளிரூட்டிய அறையிலிருந்து நுகர்பவனுக்கே அது எடுத்துரைக்கப்பட வேண்டும். அவனது காது எந்த இசைக்குத் திறந்திருக்கின்றதோ அந்த இசையிற் பாடுவது பிழையன்று. கடற்கரைக் குப்பமொன்றின் நடுவே நடைபெற்ற ஊரூர்–ஆல்காட் குப்பம் விழாவில் 2015 முதற் பங்குகொண்டு, சபாவின் இசையை மீனவர் தெருவுக்குக் கொண்டுசென்றவர் கிருஷ்ணா. அங்கே இசை குப்பத்துக்குச் சென்றது. இங்கே குப்பத்தின் வழக்கு சபாவுக்கு வருகின்றது. பின்னையதே கடினமான பயணம்.

பாடல் வெளிவந்து இரு வாரங்களே கழிந்த நிலையில், 2017 ஜனவரி 28 அன்று, எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கரையெங்கும் ஒதுங்கிற்று. துறைமுகமும் இயந்திரங்களும் பேரளவில் உடைய ஒரு நகரத்தில், மனிதர்கள் வாளிகளால் எண்ணெயை அள்ளும் காட்சி நாடெங்கும் படங்களாகப் பரவியது. 2023 டிசெம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் மறுபடியும் கழியினுட் பரவியது. வலைகளும் தோணிகளும் கருமையாயின. பாடல் கழியைக் காப்பாற்றவில்லை என்று இதனைக் கொண்டு வாதிடுவோர் உளர். கலையிடம் கேட்கக் கூடாததைக் கேட்கும் வாதம் அது. மாறாக, இரண்டாம் முறை எண்ணெய் பரவியபோது எண்ணூர் என்னும் பெயர் அறிமுகம் வேண்டாத பெயராக இருந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

தமிழிலக்கிய மாணவர்கள் இவ்விடத்தில் நெய்தற்றிணையை நினைவுகூர்வது இயல்பே. கழியும் கானலும் தாழையும் புன்னையும் கண்டலும் சங்கச் செய்யுட்களுக்கு அந்நியமானவை அல்ல. ஆயினும் சங்கப் புலவர் யாவரும் சூழலியலாளர் என்று மேடைகளிற் கூறப்படும் புகழுரை ஆராய்ச்சிக்கு நில்லாது. அவர்கள் காதலைப் பாடினர்; கழி அதற்கு நிலைக்களமாயிற்று. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974 இல் வெளியிட்ட திணைக் கோட்பாடு பற்றிய ஆய்வு, நிலப்பிரிவுகளை அவ்வந்நிலத்து மக்களின் உற்பத்தி முறைகளோடும் சமூக வளர்ச்சியோடும் இணைத்து நோக்கிற்று. அந்நோக்கே இங்குப் பயன்படுவது. திணையின் கருப்பொருட் பட்டியலிற் பறவையும் மரமும் மட்டுமல்ல, தொழிலும் உணவும் பறையும் யாழும் இடம்பெறுகின்றன. மீன் உணக்குதலும் உப்பு விளைத்தலும் நெய்தல் நிலத்தின் அங்கங்கள். நிலத்தைக் கெடுக்க வந்த வெளியார் செயல்களாக அவை கொள்ளப்படவில்லை. மனிதரை வெளியேற்றிவிட்டு எஞ்சுவதே இயற்கை என்ற எண்ணம் திணை மரபுக்கு உடன்பாடானதன்று.

இதற்கு மாறான எண்ணத்தின் செல்வாக்கை அதே நகரத்தின் தென்புறத்திற் காணலாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நெடுங்காலம் குப்பை கொட்டும் இடமாகவும் கட்டடங்கள் எழும் இடமாகவும் சுருங்கி வந்தது. அங்கு வந்து தங்கும் பறவைகளை ஆய்வாளர்கள் எண்ணிப் பட்டியலிட்டனர். பூநாரைகளை ஒளிப்படக் கலைஞர்கள் படம்பிடித்தனர். 2007 இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022 இல் ராம்சார் சாசனத்தின் கீழ் அது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாயிற்று. கலையும் விஞ்ஞானமும் கைகோத்துப் பெற்ற வெற்றி இது என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டும் எதில் உடன்பட்டன? அழகிய சிறகில். பூநாரை படத்துக்கும் உகந்தது, பட்டியலுக்கும் உகந்தது. எண்ணூரின் இறால் இவ்விரண்டுக்கும் உகந்ததாயில்லை. அது உண்ணப்படுவது, சேற்றில் வாழ்வது, ஏழையின் கைக்கு வருவது. எண்ணூரிலும் பறவைகள் உண்டு. எனினும் அதன் முதன்மையான உரிமைக்குரல் உழைப்பவரிடமிருந்து எழுந்தது. அழகின் பெயரால் வரும் பாதுகாப்பு விரைந்து கிட்டுகின்றது, உழைப்பின் பெயராற் கேட்கப்படும் பாதுகாப்பு நீதிமன்றப் படிகளிற் காத்து நிற்கின்றது.

புறம்போக்கு என்பது உரிமையாளர் அற்ற நிலம் என்ற கருத்துக்கும் விஞ்ஞானத்தின் பெயரால் ஒரு காலத்தில் ஆதரவு கிடைத்தது. 1968 இல் உயிரியலாளர் கரட் ஹார்டின் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பொதுவான மேய்ச்சல் நிலம் ஒவ்வொருவரது பேராசையாலும் அழிந்தே தீரும் என்று வாதிட்டது. அவர் கற்பனை செய்த நிலத்தில் இடையர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை! எண்ணூருக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டு ஏரியில் மீனவர் 'பாடு' என்னும் முறையை நெடுங்காலமாகக் கைக்கொண்டு வந்துள்ளனர். இன்ன நாள் இன்ன இடத்தில் இன்னார் வலையிட வேண்டும் என்று ஊரே முறை வகுத்துச் சுழற்சியாகப் பங்கிடும். நீர்கொழும்புக் களப்பின் கட்டுவலை மீனவரிடையேயும் இத்தகைய முறை வழங்கி வந்துள்ளதை ஆய்வாளர் பதிந்துள்ளனர். பொதுவான வளங்களை மக்கள் தாமே வகுத்த விதிகளாற் பேணிய உதாரணங்களைப் பல நாடுகளிலிருந்து திரட்டி எலினோர் ஒஸ்ட்ரம் 1990 இல் நூலாக்கினார். 2009 இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பொது என்பது யாருக்கும் உரியதன்று என்பதல்ல, ஊருக்கு உரியது என்பதே பாடலின் வாதமும். ஹார்டினை மறுக்க ஒஸ்ட்ரமுக்கு ஒரு நூல் வேண்டியிருந்தது, பாடலுக்குச் சில நிமிடங்கள் போதுமாயிருந்தன என்று சொல்லத் தோன்றும். ஆனால் நூல் இல்லாவிடின் பாடலின் கூற்று வெறும் நல்லெண்ணமாக ஒதுக்கப்பட்டிருக்கக் கூடும்.

தமிழகத்தின் 'புறம்போக்கு' போலவே இலங்கையில் நிலத்தின் விதியை நிர்ணயித்த சொல் ஒன்று உண்டு. அது 'மீட்டல்'. 1968 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினாற் கொழும்பு மாவட்டத்துத் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கென ஒரு சபை நிறுவப்பட்டது. அதுவே பின்னர் காணி மீட்டல் அபிவிருத்திக் கூட்டுத்தாபனமாக வளர்ந்தது. சதுப்பு நிலத்தை மண்ணிட்டு நிரப்புவதே இங்கு மீட்டல். எவரிடமிருந்து எதை மீட்பது? ஒருபோதும் தரையாக இருந்திராத நிலத்தைத் தரையாக்குவதற்கு, இழந்த பொருளைத் திரும்பப் பெறுவது போன்ற பெயர். நிரப்புதல் என்று நேரே சொல்லியிருப்பின் யாராவது ஒருவர் நீர் எங்கே போகும் என்று கேட்டிருப்பார்.

கொழும்பின் சதுப்பு நிலங்கள் பற்றிய நோக்கில் கலைக்கும் பங்குண்டு. ஆனால் அது எண்ணூர்ப் பாடலின் பங்கைப் போன்றதன்று. ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேயில் 1982 இல் திறந்துவைக்கப்பட்ட நாடாளுமன்றக் கட்டடம் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் படைப்பு. சதுப்பாயிருந்த பள்ளத்தாக்கு அகழப்பட்டு ஏரியாக்கப்பட்டது. அதன் நடுவே தீவிற் கட்டடம் மிதப்பது போல நிற்கின்றது. இந்நாட்டுக் கட்டடக் கலையின் உன்னதங்களுள் அது ஒன்று என்பதை ஏற்றேயாக வேண்டும். எனினும் அது பழக்கிய கண் எத்தகையது? விரிந்த தெளிநீரை விரும்புவது. கோரையையும் சேற்றையும் குழப்பமெனக் காண்பது. நகரத்து நீர் கண்ணாடிபோற் கிடக்க வேண்டும் என்ற சுவை, சதுப்பைச் சதுப்பாகவே விடுவதற்கு இடந்தராது. 2010 நவம்பரிற் பெய்த பெருமழையில் அந்நாடாளுமன்ற வளாகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. சுற்றிலும் நிரப்பப்பட்ட நிலங்கள் தாம் முன்னர் ஏந்திய நீரை ஏந்த இயலாது திருப்பியனுப்பின.

அதன் பின்னரான மாற்றம் பெரிதும் விஞ்ஞானத்தின் வழி வந்தது. எஞ்சியிருந்த ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் சதுப்பு நிலம் வெள்ளத்தைத் தாங்குவதிற் கொண்டுள்ள பங்கு கணிக்கப்பட்டது. மீன்பிடிப் பூனை நகரத்தின் நடுவே இரவில் உலவுவதைத் தானியங்கிக் கமராக்கள் பதிந்தன. பெத்தகான, தியசரு ஆகிய இடங்களில் ஈரநிலப் பூங்காக்கள் அமைந்தன. 2018 ஒக்டோபரில் டுபாயில் நடைபெற்ற ராம்சார் மாநாட்டில், ஈரநில நகரமென முதன்முதலாக அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களுட் கொழும்பும் ஒன்றாயிற்று. கூட்டுத்தாபனமும் தன் பெயரிலிருந்து 'மீட்டல்' என்ற சொல்லை நீக்கிக்கொண்டது. இது சிறு செய்தியன்று. புள்ளிவிவரங்களும் ஒரு வெள்ளமும் சேர்ந்து ஒரு சொல்லைத் தோற்கடித்தன.

ஆனால் நீக்கப்பட்ட சொல்லின் இடத்திற் புதிய சொல் எதுவும் மக்கள் வாயில் வந்து அமரவில்லை. 'ஈரநிலம்' என்பது அறிக்கைகளின் சொல். வெள்ளவத்தைச் சந்தையிலோ கால்வாய்க் கரைக் குடியிருப்பிலோ எவரும் அதைச் சொல்லிக் கேட்பது அரிது. பூங்காவின் பலகை நடைபாதையிற் காலையில் நடப்பவர் பறவையின் பெயரை அறிவிப்புப் பலகையிற் படித்துக்கொள்கிறார். கால்வாயோரம் வாழ்ந்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் அந்நீரை என்ன பெயரிட்டு அழைத்தன என்பது எந்தப் பலகையிலும் இல்லை. கொழும்பில் அளவை வென்றது, சொல் வெல்லவில்லை. எண்ணூரிற் சொல் வென்றது, சாம்பற் குழாய்கள் அசையவில்லை. இவற்றுள் எது பெரிய வெற்றி என்று கேட்பவர், எண்ணூர்க் கழியில் இன்றும் இடுப்பளவு நீரில் நின்று இறால் தடவுகின்ற ஒருவரிடம் அக்கேள்வியைக் கேட்பாராயின், அவர் முதலிற் காட்டுவது தம் கையிற் படிந்த சாம்பலாகவே இருக்கும். கிருஷ்ணாவின் பாடலில் அந்தக் கை இல்லை. அதனைப் பாட வேண்டிய கானாவுக்கு இன்னும் இடம் இருக்கின்றது.